நோட்டீஸின் ஏழாவது பத்தி

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு டோக்கன் பதினான்கு என்று கூப்பிட்டதும், திரையை விலக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தது ஜீவிதாவின் அம்மா கண்ணம்மாள். யாரும் சொல்லாமலே இடது கையை மேசைமேல் நீட்டினாள். இரண்டு மாதத்தில் இது ஆறாவது தடவை என்பதால் அவளுக்கு எல்லாம் பழகிப்போயிருந்தது.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்துகிறவளுக்கு ஒரு சங்கடம் உண்டு. எதிரே உட்காருகிறவர் யாராக இருந்தாலும் கையைப் பிடித்தாக வேண்டும். போனில் வந்தால் நம்பரை முடக்கலாம், வீட்டுக்கு வந்தால் கதவைச் சாத்தலாம். டாக்டர் சீட்டோடு, வெறும் வயிற்றோடு, வரிசையில் உட்கார்ந்திருந்து வந்து கையை நீட்டுகிறவளை என்ன செய்வது? அம்மா இதை யோசித்துத்தான் செய்தாள் என்பதில் ஜீவிதாவுக்குச் சந்தேகமே இல்லை. நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்துக்கொண்டு முப்பது வருஷம் பூ வியாபாரிகளோடு மல்லுக்கட்டியவள், ஆளை எங்கே மடக்குவது என்று தெரியாதவளா?

"விடிய நாலு மணிக்கு எந்திரிச்சு வாரேன். ஒரு வாய் காப்பி குடிக்கல" என்றாள் கண்ணம்மாள்.

"கையை மடக்காதீங்க."

இந்த 'ங்க' நான்கு வருஷப் பழக்கம். அந்தப் பக்கத்தில் எந்த மகளும் அம்மாவை நீங்கள் என்று கூப்பிட மாட்டாள். முன்பின் தெரியாத நோயாளிகளிடம் பேசுகிற மரியாதையைத்தான் ஜீவிதா அம்மாவிடமும் பேசினாள். அது மரியாதை இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

கண்ணம்மாளின் நரம்பு லேசில் அகப்படாது. மற்றப் பெண்கள் குத்தினால் மூன்று இடத்தில் நீலம் பாரித்துவிடும். ஜீவிதா விரலால் தடவிப் பார்த்து ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். ஊசி உள்ளே போனதும் அம்மா ஆரம்பித்தாள். அதற்குத்தான் காத்திருப்பாள், ஊசி கைக்குள் இருக்கும்போது மகள் எழுந்து போக முடியாதல்லவா.

"மாமனுக்கு இன்னும் எந்திரிக்க முடியல ஜீவி. இடுப்பெலும்பு கூடலையாம். ஒரு வாய்த் தண்ணி குடுக்க ஆளில்லாமக் கெடக்கான். நீ வந்துரு தாயி. நடந்ததை விட்ரு."

ரத்தம் குழாயில் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. ஜீவிதா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் விரல்களில் மல்லிகை வாசம் இருந்தது. எந்தச் சோப்புப் போட்டாலும் போகாத வாசம் அது.

"பஞ்சை அமுக்கிப் பிடிங்க. ரிப்போர்ட் சாயங்காலம் கிடைக்கும்" என்றாள்.

 அம்மா திரைக்கு வெளியே போனதும் ஜீவிதா எழுந்து பின்பக்கம் போய்விட்டாள். டோக்கன் பதினைந்துக்கு வேறொரு பெண் வந்து ரத்தம் எடுக்க வேண்டியதாயிற்று.

மாமன் என்றால் கண்ணம்மாளின் கூடப்பிறந்த தம்பி. ஜீவிதாவுக்குத் தாய்மாமன். பத்தொன்பது வயதில் அவரையே அவளுக்குக் கட்டிவைத்தார்கள். நேற்றுவரை மாமா என்று கூப்பிட்டவரை மறுநாளும் மாமா என்றே கூப்பிட்டால் போதும் என்பது ஒன்றுதான் அந்தக் கல்யாணத்தில் இருந்த சௌகரியம். குடித்தால் அடிப்பார். குடிக்காத நாளில் யோசித்து அடிப்பார். மூன்று தடவை ஜீவிதா தப்பித்துப் பெற்றவர்கள் வீட்டுக்கு வந்தாள். மூன்று தடவையும் அவளைத் திரும்பக் கொண்டுபோய் விட்டது கண்ணம்மாள்தான், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்து, பிடித்த கையை விடாமல். அப்பா பொன்னுத்துரை வாசலில் நின்றுகொண்டு, "உறவு அத்துப் போகும்த்தா, அனுசரிச்சுக்க" என்பார். நாலாவது தடவை அவள் வீட்டுக்கு வரவில்லை. எதிர்த்திசை பஸ்ஸில் ஏறித் திண்டுக்கல்லில் இறங்கினாள். பெண்கள் விடுதியில் தங்கி, ஒரு துணிக்கடையில் நின்றபடியே லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்தாள். விவாகரத்தும் வாங்கினாள்.

அந்த வழக்கில் மாமன் தரப்புச் சாட்சியாக வந்தது கண்ணம்மாள். கூண்டில் ஏறி நின்றவளிடம் மாமனின் வக்கீல், "மனுதாரர் ஜீவிதா உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டார். கேள்வி சம்பிரதாயத்துக்குத்தான். சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிற அவசரத்தில் கண்ணம்மாள் சொன்னாள்: "என் தம்பி பொண்டாட்டிங்க."

தட்டச்சர் அதை அப்படியே அடித்தார். கண்ணம்மாள் கீழே கையெழுத்துப் போட்டாள். அடி வாங்கியதெல்லாம் ஜீவிதாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டு வந்தது. அந்த ஒரு வரி மறக்கவில்லை. அன்று கோர்ட் வாசலில்தான் அவள் முதன்முதலாக அம்மாவை 'நீங்க' என்றாள்.

நான்கு வருஷம் அவ்வளவாகத் தொந்தரவில்லை. இந்த வைகாசியில் மாமன் தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டபிறகுதான் வேட்டை தொடங்கியது. ஜீவிதா இதுவரை பதினோரு நம்பரை முடக்கியிருந்தாள். அம்மாவும் அப்பாவும் விடுதி வார்டனிடம் போய் அழுதார்கள். போன வாரம் பொன்னுத்துரை லேபுக்குள் வந்து, "எம் மகளை ஒளிச்சு வச்சிருக்கீங்களா?" என்று சத்தம் போட, சர்க்கரை பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் ரத்த அழுத்தமும் ஏறிவிட்டது.

லேப் மேனேஜர் சாகுல் ஹமீது நல்ல மனிதர். அந்தத் திங்கட்கிழமை மதியம் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"உங்க அம்மாவை வராதீங்கன்னு நான் சொல்ல முடியாதும்மா. டாக்டர் சீட்டோட வாராங்க, பேஷண்ட். ஆனா உங்க அப்பா இன்னொரு தடவை வந்து சத்தம் போட்டா முதலாளி என்ன முடிவெடுப்பாருன்னு எனக்குத் தெரியல. நம்ம நஜ்முன்னிசா வக்கீலைப் போய்ப் பாருங்க. எங்க மச்சியோட, அதான் எங்க அண்ணன் சம்சாரத்தோட அக்காதான். பேச்சு கொஞ்சம் வெடுக்குனு இருக்கும், மனசுல வச்சுக்காதீங்க."

சாயங்காலம் ஜீவிதா அம்மாவின் ரிப்போர்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். யாரும் வாங்க வராமல் மேசையில் கிடந்தது அது. வெறும் வயிற்றில் சர்க்கரை இருநூற்று நாற்பத்தெட்டு.

நஜ்முன்னிசாவின் ஆபீஸ் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். குமாஸ்தா இஞ்ஞாசி எழுந்து வந்து அதை இறக்கிவிட்டுவிட்டுப் போனார். தினமும் நடக்கிற காரியம்போல இரண்டு பேரும் அதைப்பற்றி ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நஜ்முன்னிசா, "போலீஸ்ல மனுக் குடுத்தியா?" என்றார்.

"குடுத்தேன் மேடம். ரசீது இருக்கு. அப்பாவைக் கூப்பிட்டு, இனிமேத் தொந்தரவு பண்ண மாட்டேன்னு எழுதி வாங்குனாங்க. அடுத்த வாரமே வந்துட்டாரு."

"எழுதிக் குடுத்ததுல மை காயணும்ல, அதுக்கு ஒரு வாரம் பொறுத்திருக்காரு. சரி, இப்ப என்னென்ன வழி இருக்குன்னு சொல்றேன், கேட்டுக்க. மொதல்ல வக்கீல் நோட்டீஸ். என்னென்ன செய்யக் கூடாதுன்னு எழுத்துல சொல்லிர்றது. மீறுனா சிவில் கோர்ட்டுல தடையுத்தரவு கேட்டு வழக்கு. இல்லேன்னா குடும்ப வன்முறைச் சட்டத்துல மாஜிஸ்திரேட் கிட்ட பாதுகாப்பு உத்தரவு கேட்டு மனு. அந்த உத்தரவை மீறுறது குற்றம், கைது வரைக்கும் போகும்." நிறுத்திவிட்டு ஜீவிதாவின் முகத்தைப் பார்த்தார். "உங்க அம்மாவை போலீஸ் ஜீப்புல ஏத்துனாப் பாத்துக்கிட்டு நிப்பியா?"

"நிக்க மாட்டேன் மேடம்."

"அப்ப நோட்டீஸோட முடியட்டும்னு வேண்டிக்க. இஞ்ஞாசி, டைப் பண்ணுங்க."

இஞ்ஞாசி விரல்களைச் சொடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். பெயர், வயது, விலாசம் எல்லாம் ஏறியது. "நோட்டீஸ் யாருக்குப் போகுதோ அவங்க பாப்பாவுக்கு என்ன உறவு?" என்று கேட்டார்.

 "நாத்துனான்னு போடுங்க சார்" என்றாள் ஜீவிதா.

தட்டச்சு நின்றது. ஜீவிதா கோர்ட்டில் நடந்ததைச் சொன்னாள். குரல் உடையாமல்தான் சொன்னாள். கடைசி வரியில் மட்டும் உடைந்தது. இஞ்ஞாசி எழுந்து மின்விசிறியை ஒரு சுற்றுக் கூட்டிவைத்தார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

நஜ்முன்னிசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாத்துனான்னு போட முடியாதும்மா. தப்பாயிரும்."

"அவங்க அப்படித்தான மேடம் சொன்னாங்க?"

"சொன்ன அன்னைக்கு அது உண்மை. உனக்கு விவாகரத்து ஆன அன்னைக்கே அந்த உறவு போச்சு. புருஷனே இல்லேங்கும்போது நாத்துனா எங்க இருந்து வருவா? இப்ப சட்டப்படி அந்தம்மாவுக்கு உன்கிட்ட மிச்சம் இருக்கிறது ஒரே ஒரு உறவுதான். அதை ரத்து பண்றதுக்கு நான் மனுப் போட்டா ஜட்ஜ் என்னைத்தான் ஒரு மாதிரிப் பாப்பாரு. தாயார்னு போடுங்க இஞ்ஞாசி."

'எனது கட்சிக்காரரின் தாயாராகிய தாங்கள்' என்று காகிதத்தில் ஏறியது. ஜீவிதா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். கோபம் வந்த மாதிரியும் இருந்தது. யாரோ பறித்துப்போன பொருளைத் திருப்பிக் கையில் கொடுத்த மாதிரியும் இருந்தது. இரண்டில் எது என்று அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அதற்குப்பிறகு வேலை மளமளவென்று நடந்தது. ஒன்று, நடந்த சம்பவங்கள். இரண்டு, தேதிகள். மூன்று, எந்த நம்பரிலிருந்தும் பேசக் கூடாது. நான்கு, விடுதிக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ நோயாளி என்ற பெயரிலும் வரக் கூடாது. ஐந்து, ஆள் விட்டுப் பேசக் கூடாது. ஆறு, முன்னாள் கணவரைப் பற்றி எந்த வழியிலும் சேதி சொல்லக் கூடாது.

"போதுமா?" என்றார் நஜ்முன்னிசா.

ஜீவிதா பையைத் திறந்து ரிப்போர்ட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இன்னும் ஒண்ணு சேக்கணும் மேடம். நோயாளியாக் கூட வரக் கூடாதுன்னுட்டோம். வரலேன்னா அவங்க வேற எங்கயும் டெஸ்ட் எடுக்க மாட்டாங்க. மத்தவங்க குத்துனா நரம்பு கிடைக்காது, அதுக்குப் பயந்துக்கிட்டே போக மாட்டாங்க. நைட் மாத்திரையையும் விட்டுருவாங்க. காலைல பூப்பறிக்கப் போறப்ப ஒண்ணும் சாப்பிடுறதில்ல. அதையும் எழுதுங்க."

"எதை எழுத?"

"மாத்திரை சாப்பிடணும்னு."

இஞ்ஞாசி சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டார். நஜ்முன்னிசா, "இருபத்தாறு வருஷமா நோட்டீஸ் அனுப்புறேன்மா. காலி பண்ணு, கட்டு, ஒதுங்கு, இதத்தான் எழுதியிருக்கேன். சாப்டியான்னு கேட்டு எந்த நோட்டீஸும் போனதில்ல" என்றார். ஜீவிதா அசையவில்லை. ரிப்போர்ட்டின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள். அதை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வக்கீல் சொல்ல ஆரம்பித்தார்.

"பத்தி ஏழு. தங்களுக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை அளவு 248 ஆக இருப்பது எனது கட்சிக்காரரின் கவனத்துக்கு வந்துள்ளது. ஆகவே தாங்கள் தங்கள் ஊருக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் மாதம் ஒருமுறை பரிசோதனை செய்துகொள்ளவும், இரவு மாத்திரையைத் தவறாது உட்கொள்ளவும், பூப்பறிக்கச் செல்லுமுன் ஏதேனும் உண்ணவும் இதன்மூலம் அறிவுறுத்தப்படுகிறீர்கள்."

"தவறும் பட்சத்தில்னு ஒரு வரி போடணுமா மேடம்?" என்றார் இஞ்ஞாசி.

"வேணாம். அதுக்குச் சட்டம் இல்ல."

எட்டாவது பத்தியில், ஏதேனும் தெரிவிக்க வேண்டுமானால் எழுத்துமூலம் வக்கீலின் விலாசத்துக்கு மட்டுமே தெரிவிக்கலாம் என்று வந்தது. ஜீவிதாவின் விரல் அந்த வரியிலேயே நின்றது. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. எழுத்துமூலம் என்று சொல்வதும் வாயை மூடு என்று சொல்வதும் அவளுக்கு ஒன்றுதான். அதுதானே வேண்டும் என்று வந்தோம் என்று தன்னையே கடிந்துகொண்டு கையெழுத்துப் போட்டாள்.

அப்பாவுக்கு ஒரு கவர், அம்மாவுக்கு ஒரு கவர். ஒரே கவராக அனுப்பினால் அப்பா வாங்கிக் கிழித்துவிடுவார் என்பதால் தனித்தனியாகவே போகட்டும் என்றாள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒப்புகை அட்டையை நூலால் கட்டிக்கொண்டே இஞ்ஞாசி கேட்டார்.

"அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா பாப்பா, ரேகைதானா?"

"தெரியும் சார். பேரு எழுதுவாங்க."

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லாதது ஒன்று இருந்தது. இரண்டாம் வகுப்பில், பெற்றோர் கையெழுத்து வாங்கி வா என்று பேச்சாயி டீச்சர் ரேங்க் கார்டைக் கொடுத்துவிட்டார். அப்பா பூ ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தார். ஏழு வயது ஜீவிதா அம்மாவை அடுப்படியில் உட்காரவைத்து, தரையில் கரியால் எழுதிக் கையெழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். அவளுக்குப் பிழையில்லாமல் எழுத வந்த வார்த்தையைத்தானே சொல்லிக்கொடுக்க முடியும்? விடிகிறவரை பழகி, ரேங்க் கார்டில் பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் கண்ணம்மாள் 'அம்மா' என்று எழுதினாள். ம்-க்குப் புள்ளி வைக்க மறந்து, மகள் அதட்டியபிறகு, அட்டையே பொத்துப்போகிற அழுத்தத்தில் வைத்தாள்.

பேச்சாயி டீச்சர் அதைப் பார்த்து வகுப்புக்கே காட்டிச் சிரித்தார். பிறகு, "சரியாத்தான போட்டிருக்காங்க, வேற யாராம்?" என்று ஏற்றுக்கொண்டார். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் எல்லா ரேங்க் கார்டிலும் அம்மா என்றே கையெழுத்து. அப்புறம் மகளிர் குழுவில் கண்ணம்மாளுக்குப் பெயர் எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். பேங்கிலும் ரேஷன் கடையிலும் கோர்ட்டிலும் அவள் போடுவது அந்தக் கையெழுத்துத்தான்.

பத்து நாளில் இரண்டும் திரும்பி வந்தன. பொன்னுத்துரையின் கவர் பிரிக்கப்படாமலே வந்தது. வாங்க மறுத்தார் என்று தபால்காரர் எழுதியிருந்தார். "மறுத்தாலும் போய்ச் சேந்ததாத்தான் கணக்கு" என்றார் நஜ்முன்னிசா. கண்ணம்மாளுடையது அட்டை மட்டும் வந்தது. கவரை வாங்கிக்கொண்டு, மகளிர் குழு எழுத்தில், பொ. கண்ணம்மாள் என்று ஒழுங்காகப் போட்டிருந்தாள்.

ஜீவிதா அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வேறென்ன எதிர்பார்த்தாள்? எதிர்பார்த்தாள் என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அடுத்த திங்கட்கிழமை டோக்கன் பதினான்கு ஒரு கல்லூரி மாணவன். அதற்கடுத்த திங்கள் ஒரு கர்ப்பிணி. அம்மா வரவில்லை. ஜீவிதா இரவில் தூங்கினாள். போன் அடித்தால் திடுக்கிடாமல் எடுத்தாள். காலையில் விடுதி இட்லி நாலு உள்ளே போயிற்று. நிம்மதி என்றால் நிம்மதிதான், பொய் சொல்லக் கூடாது. ஆனாலும் ஒவ்வொரு டோக்கனுக்கும் திரை விலகும்போது கண் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தது. வராதே என்று சொன்னதும் அவள்தான், வரவில்லையே என்று பார்த்ததும் அவள்தான். இரண்டும் ஒரே மனசில் சண்டையில்லாமல் இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

மூன்றாவது வாரம் புது நம்பரிலிருந்து ஒரு போன் வந்தது. "ஏத்தா, நான் அப்பா பேசுறேன், உனக்கு அம்புட்டுத் திமிரா" என்று பொன்னுத்துரை தொடங்குவதற்குள் பின்னாலிருந்து கண்ணம்மாளின் குரல் கேட்டது.

"வைங்க போனை. எழுத்துல குடுத்திருக்குல்ல? என் தம்பிக்கு நான் பாத்துக்கிறேன். வைங்கன்றேன்ல."

போன் அணைந்தது. ஜீவிதா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். இருபத்தொன்பது வருஷத்தில் அம்மா அவளுக்காக அப்பாவை அதட்டி அவள் கேட்டதில்லை. வக்கீல் சொல்லியிருந்தபடி தேதியையும் நேரத்தையும் நோட்டில் குறித்தாள். பேசியது யார் என்ற இடத்தில் அப்பா என்று எழுதினாள். நிறுத்தியது யார் என்று எழுத அதில் இடமில்லை.

அதன்பின் பதினைந்து நாள் கழித்து இஞ்ஞாசி போன் செய்தார். "பாப்பா, உங்களுக்கு ஒரு தபால் வந்திருக்கு. மேடம் பிரிச்சுப் பாத்துட்டு, உடனே வரச் சொன்னாங்க."

ஜீவிதா பதறிக்கொண்டு ஓடினாள். எதிர் நோட்டீஸ் விட்டிருப்பார்களோ, மாமன் வழக்குப் போட்டிருப்பானோ என்று வழியெல்லாம் யோசனை. அவள் மூச்சு வாங்க மேலே ஏறியபோது, நஜ்முன்னிசா ஒரு கவரை மேசையின் இந்தப் பக்கம் தள்ளிவைத்தார். மேலே வக்கீலின் விலாசம், தபால் ஆபீஸில் யாரையோ கேட்டு எழுதி வாங்கியது.

உள்ளே ஒரே ஒரு காகிதம். அரசு மருத்துவமனையின் பரிசோதனைச் சீட்டு, நாலாக மடித்தது. கண்ணம்மாள், வயது ஐம்பத்து மூன்று. வெறும் வயிற்றில் நூற்று அறுபத்தெட்டு. ஓரத்தில் காய்ந்த ரத்தம் ஒரு சொட்டு. எத்தனை இடத்தில் குத்தினார்களோ என்று ஜீவிதாவுக்கு முதலில் தோன்றியது அதுதான்.

மற்றபடி சேதி ஒன்றுமில்லை. மாமனைப் பற்றி இல்லை, வா என்று இல்லை. மூன்றிலிருந்து ஆறு வரையிலான பத்திகள் எதையும் மீறாமல், ஏழாவதையும் எட்டாவதையும் மட்டும் நிறைவேற்றியிருந்தது அந்தக் காகிதம். சீட்டின் அடியில், கையொப்பம் எதுவும் தேவையில்லாத இடத்தில், பேனாவை உடைத்துவிடுகிற அழுத்தத்தில் எழுதியிருந்தது.

அம்மா.

ம்-க்குப் புள்ளி இருந்தது. அந்த இடத்தில் காகிதம் பொத்துப்போயிருந்தது.

ஜீவிதா அழுதாள். பத்தொன்பது வயதிலிருந்து அழாத அழுகையெல்லாம் சேர்த்து, வக்கீல் ஆபீஸ் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். இஞ்ஞாசி எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டினார். அது ஏற்கெனவே முழுவேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னம்மா இது, பேரைப் போடாம உறவைப் போட்டு அனுப்பியிருக்காங்க?" என்றார் நஜ்முன்னிசா, கொஞ்ச நேரம் கழித்து. ஜீவிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு ரேங்க் கார்டுக் கதையைச் சொன்னாள். வக்கீல் கேட்டு முடித்துவிட்டுக் கண்ணாடியைத் தேடினார். அது கையில்தான் இருந்தது.

"அப்ப நோட்டீஸை வாபஸ் வாங்கிரலாமா?"

ஜீவிதா யோசித்தாள். பஸ்ஸில் கையைப் பிடித்துக்கொண்டு போன மூன்று பயணங்களையும் யோசித்தாள். சாட்சிக் கூண்டை யோசித்தாள். வாபஸ் வாங்கினால் அடுத்த திங்கட்கிழமை அம்மா வருவாள், பின்னாலேயே அப்பாவும் வருவார்; ஊசி உள்ளே போனதும் மாமன் பேச்சு வரும். நோட்டீஸ் இருந்ததால்தான் அம்மாவுக்கு நாத்தனார் வேஷத்தைக் கழற்றிவைக்க ஒரு சாக்குக் கிடைத்திருக்கிறது என்று அவளுக்கு நன்றாகப் புரிந்தது.

"வேணாம் மேடம். எட்டுப் பத்தியும் அப்படியே இருக்கட்டும்."

"நல்லது. அப்ப இதை ஃபைல்ல சேத்துரவா?"

"இல்ல மேடம். ரேங்க் கார்டை வச்சுக்கக் கூடாது. பாத்துட்டுத் திருப்பி அனுப்பணும்."

நஜ்முன்னிசா தன் பேனாவைத் திறந்து நீட்டினார். ஜீவிதா சீட்டை மேசையில் வைத்து நீவினாள். அம்மா என்ற கையெழுத்துக்குப் பக்கத்தில், பேச்சாயி டீச்சர் எழுதுவதைப்போல, மதிப்பெண்ணுக்கு ஒரு குறிப்பு எழுதினாள். யாராவது படித்துக் காட்டுவார்கள். கீழே தன் பெயரைப் போட்டாள்.

இஞ்ஞாசி அதைக் கவரில் போடுவதற்கு முன் தன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மெதுவாகப் படித்தார்.

"பரவால்ல. நைட்டு மாத்திரைய விடாத. அடுத்த மாசமும் அனுப்பு."

எதிலும் 'ங்க' இல்லை.